பின்கதவுச் சாவி அப்பாவின் இடுப்பில்

கடலூர் திருப்பாப்புலியூரில் எங்களுக்கு ஒரு ஜவுளிக் கடை. போன வருஷம் மாடியிலும் வியாபாரம் தொடங்கினோம். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று தேவைப்பட்டது. விண்ணப்பம், வரைபடம், கட்டணம் எல்லாம் ஆன்லைனில் முடிந்தன. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும் சிவப்பு சிலிண்டர்களைத் துடைத்து, வாளிகளில் புது மணல் நிரப்பி வைத்தேன். வந்த அதிகாரி அவற்றை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. நேராக பில் போடும் பெண்ணிடம் போனார். "முன்வாசல்ல நெருப்புன்னு வச்சுக்கோம்மா. பின்பக்கமா வெளியே போ, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மெயினை அணைக்கச் சொன்னார்.

அந்தப் பெண் செல்போன் வெளிச்சத்தில் போனாள். பின்பக்கம் முதலில் ஒரு பலகைக் கதவு. புடவையை வைத்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அதில் ஆள் உயரக் கண்ணாடியை ஒட்டியிருந்தது நான்தான். அதைத் தாண்டினால் ரோலிங் ஷட்டர், அதன் உள்பக்கம் பூட்டு. சாவிக்கொத்து அப்பாவின் இடுப்பில். அப்பாவோ மதியச் சாப்பாட்டுக்கு மஞ்சக்குப்பம் வீட்டுக்குப் போயிருந்தார்.

"திருட்டு பயம் சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. 1997-இல் டெல்லி உபகார் தியேட்டரில் 59 பேர் இறந்ததைச் சொன்னார். நெருப்பு பிடித்தது கீழே, டிரான்ஸ்ஃபார்மரில். மேலே பால்கனியில் இருந்தவர்கள் வழி கிடைக்காமல் புகையில் மூச்சுத்திணறிப் போனார்கள். கூடுதல் சீட் போட்டு ஒரு பக்க வழியையே அடைத்திருந்தார்களாம். அதைக் கேட்டதும் மாடிப்படித் திருப்பத்தில் அடுக்கியிருந்த பண்டல்கள் பக்கம் என் கண் தானாகப் போனது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பை வைத்து அவர் சொன்னவை இவை: ஷட்டரை வெளியேறும் கதவாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கீல் வைத்த கதவாக, வெளிப்பக்கம் திறப்பதாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும். அகலம் ஒரு மீட்டருக்கும் உயரம் இரண்டு மீட்டருக்கும் குறையக் கூடாது. கண்ணாடி ஒட்டவே கூடாது, புகையில் தன் உருவத்தையே பார்த்துத் திசை குழம்பிவிடுவார்கள்.

சரி, ஒரு கதவுதானே என்று நினைத்தேன். ஆனால் 2015 வெள்ளத்துக்குப் பிறகு கடைத் தரையை இரண்டடி உயர்த்தியிருந்தோம். பின்கதவைத் திறந்து காலை வைத்தால் நேரே சந்துச் சாக்கடைதான். வாசலை ஒட்டி, தரை மட்டத்திலேயே, குறைந்தது கதவின் அகலத்துக்கு ஒரு மேடை வேண்டும் என்றார். சந்து பொதுவழி, அங்கே கட்ட முடியாது. கதவையே கோடவுனுக்குள் தள்ளி வைத்து, மேடைக்கு நாலடி, படிகளுக்கு மூன்றடி என்று ஏழடி விட்டுக்கொடுத்தோம். தீபாவளிச் சரக்கை எங்கே போடுவது என்று அப்பா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்து ஆசாரி. "மூணேகால் அடின்னா ஒரு மீட்டர்தான் தம்பி" என்றார், நானும் தலையாட்டினேன். கணக்குப் போட்டால் அது 99 சென்டிமீட்டர். அதுவும் நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கமும் நிலைக்கட்டை இரண்டரை அங்குலம் போக, டேப்பை உள்ளே வைத்துப் பார்த்தால் 86 சென்டிமீட்டர்தான் நின்றது. நிலையைப் பெயர்த்து நாலடிக்கு மாற்றினோம். கூலி இரண்டு தடவை. கதவு செய்யப் போகிறவர்கள் ஆசாரியிடம் உள் அளவையே சொல்லுங்கள்.

திருட்டு பயத்துக்கு வழி பேனிக் பார், கதவின் உள்பக்கம் குறுக்கே வைக்கும் தள்ளுகம்பி. உள்ளே இருந்து இடுப்பால் இடித்தாலும் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. பாண்டிக்குப் போய் அலாரம் வைத்ததாகவே வாங்கினேன். 304 ரக ஸ்டீல் போதும் என்றார் கடைக்காரர். நம் ஊர் உப்புக்காற்றில் பழைய ஷட்டரின் அடித்தகடு அப்பளமாக உதிர்ந்ததைப் பார்த்தவன் நான். விலை கூடுதல் என்றாலும் உப்புக்காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகத்தையே எடுத்தேன்.

இரண்டாவது ஆய்வில் அதே பெண், அதே இருட்டு. பத்து எண்ணுவதற்குள் சந்தில் நின்றாள். அலாரச் சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். சான்றும் வந்தது.

அப்புறம் ஒரு நாள் பார்த்தால், டீக்குப் போகிற பையன்கள் சத்தம் தொல்லை என்று அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். இப்போது தினமும் காலையில் கடை திறந்ததும் அந்தப் பாரை ஒரு தடவை நானே தள்ளிப் பார்க்கிறேன்.