அடிமனையும் நகர வரைபடமும்

கலிபோர்னியாவில் ஒரு நடுத்தர ஊரின் நகராட்சியில், திட்டப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்த நிலத்தில் என்ன வரலாம், எத்தனை மாடி எழும்பலாம், சாலைக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்றெல்லாம் பார்த்து நகர மன்றத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலை. மன்றத்தின் முன் வரும் விஷயங்களில் மொபைல் ஹோம் பார்க் வாடகைத் தகராறைப் போல என்னை உலுக்கியது வேறில்லை.

சன்னிவேலில் டாஸ்மன் சாலை வழியாகத் தினமும் ஆபீஸ் போய்வரும் நம்மவர்களில் பலர் இந்தப் பார்க்குகளைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். வரிசை வரிசையாக ஒற்றைத் தள வீடுகள். வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம். காசு கொடுத்து வாங்கியது, அவர் பெயரில் பதிவானது. வீடு நிற்கும் மண் பார்க் உரிமையாளருக்குச் சொந்தம். அந்த மண்ணுக்கு மாதா மாதம் வாடகை. ஸ்ரீரங்கத்து அடிமனைப் பிரச்சினையைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். கட்டடம் ஒருவருடையது, மனை இன்னொருவருடையது என்ற ஏற்பாட்டில் குடியிருப்பவன் நிலை என்ன என்ற கேள்வி நமக்கும் பழையதுதான். 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் அதற்காகவே வந்தது. காலி மனையை வாடகைக்கு எடுத்து வீடு கட்டியவரைக் காலி செய்யச் சொன்னால் கட்டடத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும், மனையை விலைக்குத் தரும்படி அவர் நீதிமன்றத்தில் கேட்கவும் செய்யலாம் என்றது அது. கலிபோர்னியாவில் மனையைக் கேட்டு வாங்கும் அப்படியொரு உரிமை இவர்களுக்கு இல்லை.

மொபைல் என்று பேர் இருக்கிறதே, வாடகை கட்டுப்படியாகாவிட்டால் வீட்டைக் கிளப்பிக்கொண்டு போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நடக்காத காரியம். தொழிற்சாலையிலிருந்து லாரியில் வந்து இறங்கியதோடு அதன் பயணம் முடிந்தது. தாங்கு கற்களின் மேல் ஏற்றி, தண்ணீர், கழிவு, எரிவாயுக் குழாய்களை இணைத்து, சுற்றிலும் அடைப்புப் போட்டு, முன்னால் திண்ணை, பக்கத்தில் கார் கொட்டகை என்று சேர்த்துவிட்டால் அது ஊன்றிய வீடு. அகல வீடாக இருந்தால் நடுவில் இரண்டாகப் பிரித்துத்தான் எடுக்க முடியும். அதற்கு ஆகும் செலவு பல நேரம் வீட்டின் விலையையே தின்றுவிடும். சரி, எடுத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். கொண்டுபோய் எங்கே வைப்பது? கூட்டரசின் கட்டுமானத் தரம் நடைமுறைக்கு வந்தது 1976 ஜூன் 15-இல். அதற்கு முன் செய்த வீட்டை இன்னொரு பார்க்கில் உள்ளே விடுவது அபூர்வம்.

நண்பர் வீட்டு விருந்து ஒன்றில் ஒருவர், வெளி மாநிலத்தில் பத்துப் பேர் கூட்டாகப் பணம் போட்டு ஒரு பார்க் வாங்குகிறோம் என்றார். “வாடகையை ஏத்தினாலும் அவங்க எங்கேயும் போக முடியாதுப்பா, அதான் இதுல இருக்கிற பாதுகாப்பு” என்றார். நல்ல மனிதர், ஊரில் தன் செலவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர். போக முடியாத அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவரிடம் நெடுநேரம் பேசினேன். கணவனை இழந்த பாட்டிமார்கள், ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளிகள், ஓட்டலில் பாத்திரம் தேய்ப்பவர்கள், ஸ்பானிஷும் வியட்நாமியமும் பேசும் கூட்டுக் குடும்பங்கள். கேட்டுக்கொண்டார். முதலீடு செய்தாரா என்று எனக்குத் தெரியாது.

மாநிலத்தில் 1978-இலிருந்து மொபைல் ஹோம் குடியிருப்புச் சட்டம் இருக்கிறது. வாடகையைக் கூட்டுவதற்கு 90 நாள் முன்னால் எழுத்தில் அறிவிக்க வேண்டும், இன்னின்ன காரணம் இருந்தால்தான் ஒருவரை வெளியேற்றலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. எவ்வளவு கூட்டலாம் என்பதை மட்டும் அது பொதுவாகச் சொல்வதில்லை. அதை ஊர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். சான் ஹொசேயில் விலைவாசி உயர்வில் முக்கால் பங்குதான் கூட்டலாம். குறைந்தது 3 சதவீதம், அதிகம் 7. மவுண்டன் வியூவில் அடுக்குமாடி வாடகைதாரர்களுக்கு 2016-இலேயே வாக்கெடுப்பில் பாதுகாப்பு வந்துவிட்டது. பார்க் மக்கள் தங்களுக்கென்று ஒரு சட்டத்துக்காக 2021 வரை காத்திருந்தார்கள். கட்டுப்பாடே இல்லாத ஊர்கள்தான் அதிகம்.

கட்டுப்பாடு இருக்கும் ஊரிலும் உரிமையாளருக்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும். அவருக்கு நியாயமான வருமானம் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சட்டமே செல்லாது. போதவில்லை என்று அவர் மனுப் போட்டால் விசாரணை நடத்த வேண்டும். சில ஊர்களில் அதற்குத் தனி வாரியம் இருக்கிறது. எங்கள் ஊரில் மன்றமே உட்கார்ந்து கேட்கிறது.

அன்றைக்கு மன்ற உறுப்பினர்கள் கிட்டத்தட்ட நீதிபதிகள். இரு தரப்பையும் தனியாகச் சந்திக்கக் கூடாது, பதிவில் உள்ள சாட்சியத்தை வைத்தே முடிவெடுக்க வேண்டும். மக்களுக்கு இது பெரிய மனக்குறை. “ஓட்டுக் கேட்டு எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து காபி குடிச்சாரு, இப்போ கடையில பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறாரு” என்று ஒரு அம்மா எங்கள் கவுண்டரில் வந்து அழுதார். அவர் உங்களிடம் பேசிவிட்டால் அதையே காரணம் காட்டித் தீர்ப்பை உடைக்க முடியும், அவர் ஒதுங்குவது உங்களுக்கும் பாதுகாப்புதான் என்று விளக்கினேன். புரிந்துகொண்டார், ஆனாலும் வலி போகவில்லை. போகவும் வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். மூன்று நிமிடம் மைக் முன்னால் நின்று ஒருவர் தன் மருந்துச் செலவைச் சொல்லும்போது அங்கே தேடப்படுவது பார்க்கின் வரவு செலவு. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியை எந்த நடைமுறையாலும் முழுதாக மூட முடிவதில்லை.

அந்தக் கணக்கு ஒன்றும் மாயமில்லை. 200 வீடுகள் உள்ள பார்க் என்று வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்ளும் அடிப்படை ஆண்டில் வரவு 10 லட்சம் டாலர், செலவு 4 லட்சம், மிச்சம் 6 லட்சம். அதற்குப் பிறகு விலைவாசி 30 சதவீதம் ஏறியிருந்தால் மிச்சமும் அதே அளவு ஏறி 7 லட்சத்து 80 ஆயிரம் ஆகியிருக்க வேண்டும். இப்போது உண்மையில் நிற்பது 7 லட்சம் என்றால் குறைவது 80 ஆயிரம்; வீட்டுக்கு மாதம் 33 டாலர். பெரும்பாலான சண்டை எது செலவு, எது செலவில்லை என்பதில்தான். சாலை முழுவதற்கும் தார் போட்ட தொகையை ஒரே வருடத்தில் எழுதலாமா, அது உழைக்கும் காலம் முழுவதற்கும் பிரித்து எழுத வேண்டுமா? வழக்கறிஞர் கட்டணம் செலவாகுமா?

ஒரு விசாரணைக்கு, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற லேத் ஆபரேட்டர் ஒருவர் செருப்புப் பெட்டி நிறைய வாடகைச் சீட்டுகளைக் கொண்டுவந்தார். ரப்பர் பேண்ட் போட்டு ஆண்டு வாரியாகக் கட்டியிருந்தார். பழைய சீட்டுகளில் வாடகை என்று ஒரே ஒரு வரி. குறிப்பிட்ட ஒரு மாதத்திலிருந்து அதற்குக் கீழே தண்ணீர், கழிவுநீர் என்று தனித் தொகைகள். பென்சிலால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டிருந்தார். அதை வைத்துக்கொண்டு உரிமையாளரின் கணக்கைத் திரும்பப் பார்த்தோம். பார்க் முழுவதுக்கும் கட்டிய தண்ணீர்க் கட்டணம் செலவில் இருந்தது. குடியிருப்போரிடம் தனியாக வசூலித்த தண்ணீர்க் காசு வரவில் இல்லை. கேட்ட உயர்வில் பெரும்பகுதி அந்த ஒரு வரியிலேயே கரைந்தது. தவிரவும், தண்ணீரை வாடகையிலிருந்து பிரித்துத் தனி பில் போடத் தொடங்கினால் அந்த அளவுக்கு வாடகையைக் குறைக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். குறைக்கவில்லை என்பதற்கும் அதே சீட்டுகள்தான் சாட்சி. கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் நிறைந்த அறையில் அந்தப் பெரியவர் தலைக்குமேல் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக எடுத்து வைத்ததை மறக்க முடியாது.

கடனுக்குக் கட்டும் வட்டியைச் செலவில் சேர்க்கலாமா என்பது இன்னொரு பெரிய வழக்கு. 2006-இல் கார்சன் ஊரில் ஒரு பார்க்கை ஒரு நிறுவனம் 2 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதில் 1 கோடியே 80 லட்சம் கடன். கடன் தவணைக்கு ஈடாக வாடகையை உயர்த்தித் தரவில்லை என்று ஊர்மேல் வழக்குப் போட்டது. ஜூரி 33 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எனக்கு அது சரியான முடிவு. அதிக விலை கொடுத்து, அதிகக் கடன் வாங்கி ஒருவர் பார்க்கை எடுத்ததற்கு, பல வருடமாக அங்கே குடியிருப்பவர் ஏன் தவணை கட்ட வேண்டும்?

ஆனால் வாடகை விசாரணையில் ஜெயித்துவிட்டதாக மக்கள் கைதட்டிவிட்டு வெளியே போகும்போதெல்லாம் எனக்குள் ஒரு கலக்கம் இருக்கும். அதற்குக் காரணம் எஸ்கொண்டிடோ தீர்ப்பு. அந்த ஊர் மக்கள் 1988-இல் வாக்களித்து வாடகையை 1986 அளவுக்குப் பின்னுக்கு இழுத்தார்கள். இனி கூட்ட வேண்டுமானால் மன்றத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள். இது எங்கள் நிலத்தைப் பறிப்பதற்குச் சமம் என்று உரிமையாளர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1992-இல் நீதிபதிகள் ஒருமனதாக, பறிப்பதாகாது என்றார்கள். நிலத்தை நீங்களாகத்தான் வாடகைக்கு விட்டீர்கள், வேண்டாம் என்றால் உரிய கால அவகாசம் கொடுத்துவிட்டு நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமே என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது. அதாவது வாடகைக் கட்டுப்பாடு நிலைத்து நிற்பதற்குச் சொன்ன காரணத்துக்குள்ளேயே பார்க்கை மூடிவிடும் வழியும் இருக்கிறது. அந்த வழி போய்ச் சேரும் இடம் எங்கள் திட்டப் பிரிவின் மேசை.

பெரும்பாலான நகராட்சிகளில் வாடகை ஒரு கோப்பு, நிலப் பயன்பாடு இன்னொரு கோப்பு. வீட்டுவசதிப் பிரிவு வாடகையைப் பார்க்கும், நாங்கள் வரைபடத்தைப் பார்ப்போம். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று ஊர் முழுவதற்கும் வகுக்கும் முழுமைத் திட்ட வரைபடத்தில் பார்க் இருக்கும் நிலத்துக்கு அடுக்குமாடி என்றோ வணிகம் என்றோ நிறம் அடித்திருக்கும். யாரோ எப்போதோ, பஸ் வழித்தடத்துக்கு அருகில் இருக்கிறதே என்று அடித்த நிறம். வாடகை கட்டுக்குள் இருக்க இருக்க, அந்த நிறம் உரிமையாளரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

பாலோ ஆல்டோவில் இதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். எல் கமினோ சாலையோரம் பியூனா விஸ்டா பார்க், சுமார் 400 பேர். மூடப் போவதாக உரிமையாளர் 2012-இல் மனுக் கொடுத்தார். குடியிருப்போர் இடம்பெயர உதவித் தொகை எவ்வளவு என்று வாதாடி, 2015-இல் நகர மன்றம் மூடலுக்கு ஒப்புதல் தந்தது. அன்றைய சட்டப்படி அதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்ய இடமில்லை. பிறகு நகரமும் மாவட்டமும் ஆளுக்கு 1 கோடியே 45 லட்சம் டாலர் போட, மீதியையும் சேர்த்து மாவட்ட வீட்டுவசதி ஆணையம் 2017-இல் 4 கோடியே 4 லட்சத்துக்கு அதை வாங்கியது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதே பள்ளிக்கூடம் போனார்கள். மகிழ்ச்சி. ஆனால் எத்தனை ஊரால் அப்படிப் பணத்தைக் கொட்ட முடியும்?

சான் ஹொசே எடுத்த வழி எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. மாநிலத்திலேயே அதிகப் பார்க்குகள் உள்ள ஊர் அது. முழுமைத் திட்டத்தில் மொபைல் ஹோம் பார்க் என்றே ஒரு நிலப் பயன்பாட்டு வகையை உண்டாக்கி, 2020-இல் வெஸ்ட்விண்ட்ஸ், மவுண்டன் ஸ்பிரிங்ஸ் என்ற இரண்டு பார்க்குகளுக்கு அதைக் கொடுத்தார்கள். அதே ஆண்டு மாநிலமும் சட்டத்தைத் திருத்தியது. ஒரு பார்க்கை மூடுவது ஏழைகளுக்கும் நடுத்தரத்தாருக்குமான வீட்டுப் பஞ்சத்தைக் கூட்டுமா என்று ஊர் ஆராய வேண்டும். போதிய மாற்று வீடு கிடைக்காவிட்டால், வீடு இருக்கும் இடத்திலேயே விற்றால் என்ன விலை போகுமோ அதை உரிமையாளர் கொடுக்க வேண்டும். இடம் பெயர்ந்த பிறகு தகரத்துக்கும் பலகைக்கும் உள்ள விலையைக் கொடுத்துவிட்டு நகர்வது இனி சுலபமில்லை.

எங்கள் பிரிவுக்குள்ளேயே எதிர்க்கருத்து உண்டு, அதை மரியாதையோடு சொல்ல வேண்டும். மாநிலம் ஒவ்வொரு ஊருக்கும் இத்தனை புது வீட்டுக்கு இடம் காட்டு என்று கணக்குக் கொடுக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருபது ஏக்கரில் ஒற்றைத் தள வீடுகள் என்றால் எந்தத் திட்ட அலுவலரின் கையும் அங்கேதான் போகும். என்னோடு வேலை செய்யும் ஒருவர், “இருநூறு வீட்டுக்குப் பதில் ஆயிரம் வீடு வரும் இடம்” என்றார். வரலாம்தான். ஆனால் அந்த ஆயிரத்தில் இந்த இருநூறு பேரில் எத்தனை பேர் குடியேற முடியும் என்று கேட்டால் பதில் இல்லை. ஏற்கெனவே குறைந்த வருமானத்தில் ஆள் குடியிருக்கும் வீட்டை இடித்து, வீடு போதவில்லை என்ற குறையைத் தீர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. காலியான வணிக வளாகங்களும் கார் நிறுத்துமிடங்களும் இருக்கின்றன, முதலில் அங்கே போவோம். அறுபதுகளில் போட்ட குழாய்களோடு தள்ளாடும் சிறு குடும்ப உரிமையாளர்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு மட்டும் போதாது, குழாய் மாற்றக் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும். விற்க நினைத்தால் குடியிருப்போர் சங்கமே வாங்கிக்கொள்ள மாநிலக் கடன் திட்டம் இருக்கிறது என்பதையும் அவர்களுக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் வாடகை மனு எதுவாக இருந்தாலும், அந்த நிலத்துக்கு வரைபடத்தில் என்ன வகைப்பாடு என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். முழுமைத் திட்டத்தின் அடுத்த திருத்தத்தில் எங்கள் ஊர்ப் பார்க்குகளுக்கும் தனி வகைப்பாடு கொடுக்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறேன். ஒரு உரிமையாளரின் வழக்கறிஞர், இது நிலத்தின் மதிப்பைக் குறைக்கிறது என்று பன்னிரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். இன்றைக்குப் பார்க்காக இருப்பதைப் பார்க் என்றுதான் வரைபடம் சொல்லப் போகிறது. மாற்ற விரும்பினால் அவர் எப்போது வேண்டுமானாலும் மனுச் செய்யலாம், மன்றம் அதைப் பொதுக் கூட்டத்தில், குடியிருப்போர் முன்னிலையில், காரணம் சொல்லி முடிவு செய்யும். பதில் கடிதத்தில் இதைத்தான் எழுதியிருக்கிறேன். நகராட்சி வழக்கறிஞர் பார்த்துத் தந்ததும் அனுப்ப வேண்டும்.