அம்மாவின் தோட்டுக்கு இணைக் கல் தேடியபோது

அம்மாவின் வைரத் தோட்டில் ஒரு கல் தொலைந்துபோனது. கல்லைப் பிடித்திருந்த கம்பிகள் தேய்ந்து, எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை. மற்றத் தோட்டின் கல்லைக் கழற்றிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். நிறம் எச் (நிறமற்ற கல்லுக்கு டி; எழுத்து தள்ளத் தள்ள மஞ்சள் கூடும்), தெளிவு வி.எஸ்.1 (உள்ளே மிகச் சிறிய குறைகள் மட்டும்), எடை 0.70 காரட் என்று சான்றிதழ் வந்தது. அதே நிறம், அதே தெளிவு, அதே விட்டம் கொண்ட இன்னொரு கல்லை வாங்கிப் பதித்தோம். கடை விளக்கில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன.

மறுநாள் காலை, மாடியில் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இரண்டும் ஒன்று போல இல்லையே, கண்ணா" என்றார். நான் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. கிட்டப் போய்ப் பார்த்த பிறகுதான் எனக்கும் புரிந்தது. பழைய கல்லில் குளிர்ந்த வெண்மை. அதற்குள் மெல்லிய நீலச் சாயல். புதிய கல் அதன் பக்கத்தில் சற்றே மஞ்சளாகத் தெரிந்தது. வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டதும் அந்த வேறுபாடு காணாமல் போனது.

சான்றிதழ்களை எடுத்து மறுபடி படித்தேன். அம்மாவின் கல்லுக்கு "ஃப்ளோரசன்ஸ்: ஸ்ட்ராங் ப்ளூ" என்று இருந்தது; புறஊதாக் கதிர் பட்டால் பலமான நீலத்தில் ஒளிரும் என்று பொருள். புதிய கல்லுக்கு அதே இடத்தில் "None", அதாவது ஒளிர்வே இல்லை. நிறத்தையும் எடையையும் நூறு முறை பார்த்த நான் இந்த ஒரு வரியைப் பார்க்கவே இல்லை.

கல் பதிப்பவரிடம் போனேன். அவர் அறையை இருட்டாக்கிவிட்டுப் புறஊதா டார்ச்சைக் காட்டினார். அம்மாவின் கல் நீலத் தணலாக எழுந்தது; மற்றது இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. டார்ச்சை அணைத்த கணமே நீலமும் அணைந்தது. "இது ப்ளூ ஜாகர் என்று அம்மா சொல்லவில்லையா?" என்று கேட்டார். சொல்லியிருந்தார். அது விற்பவர்கள் சூட்டும் பெருமைப் பெயர் என்று நினைத்திருந்தேன். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர் அது. சுரங்கம் 1971-இல் மூடப்பட்டுவிட்டது. இன்று நீலச் சாயல் கொண்ட வெள்ளைக் கல் எங்கிருந்து வந்தாலும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அதனால் பெயரை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

காரணத்தைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே வியப்பு. வைரம் கரியணுக்களால் ஆனது. சில கற்களில் ஓர் அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்க, அதைச் சுற்றி மூன்று நைட்ரஜன் அணுக்கள் உட்கார்ந்திருக்கும். பகல் வெளிச்சத்தில் கலந்திருக்கும் புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவது அந்த அமைப்புதான். மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று தணிப்பதால், இலேசான மஞ்சள் கொண்ட கல் வெளியில் வெண்மையாகத் தெரிகிறது. வீட்டு எல்.இ.டி. விளக்குகளில் புறஊதா ஏறக்குறைய இல்லை. அதனால் அங்கே கல்லின் சொந்த நிறம் மட்டுமே தெரியும். அம்மாவின் கண் பிடித்தது இதைத்தான்.

இது அரிதான குணமும் அல்ல. அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ.வுக்கு வரும் வைரங்களில் 25 முதல் 35 சதவீதம் ஏதோ ஓர் அளவில் ஒளிர்கின்றன. அவற்றில் 95 சதவீதத்துக்கு மேல் நீலமாகவே ஒளிர்கின்றன. அந்த நிறுவனம் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பலமான நீல ஒளிர்வு கொண்ட கற்கள் மேற்புறமாகப் பார்க்கும்போது நிறத்தில் மேம்பட்டே தெரிந்தன. பழக்கமில்லாத கண்களுக்கு வித்தியாசமே புலப்படவில்லை. ஆனாலும் ஒளிரும் கல் மங்கித் தெரியும் என்ற அச்சத்தில் சந்தை இதைக் குறையாகவே கணக்கிடுகிறது. டி, ஈ, எஃப் போன்ற நிறமற்ற கற்களில் பலமான ஒளிர்வு இருந்தால் விலை நன்றாக இறங்கும். ஐ-க்குக் கீழே உள்ள நிறங்களில் அந்த இறக்கம் சுருங்கிவிடும். சில நேரம் சற்றுக் கூடுதலாகவும் கேட்பார்கள். இந்தப் பொதுவான இறக்கம் பெரும்பாலான கற்களுக்குச் செய்யப்படும் அநியாயம் என்பதே என் எண்ணம்.

அந்த அச்சத்துக்கு ஓர் அடிப்படை இருப்பதையும் கண்ணால் கண்டேன். ஒளிராத அந்தப் புதிய கல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். இந்த முறை எச் நிறத்தில் "ஸ்ட்ராங் ப்ளூ" வேண்டும் என்று கேட்டேன். மூன்று கற்கள் வந்தன. நேர் வெயிலில் பிடித்தால் கண் கூசி ஒன்றும் புரியாது. திறந்த வானத்தின் கீழே நிழலில் நின்று, மடித்த வெள்ளை அட்டையின் மேல் வைத்து, அம்மாவின் கல்லை அருகில் வைத்துப் பார்த்தேன்.

மூன்றில் முதல் கல் நல்ல வெள்ளை, ஆனால் நீரோட்டமே இல்லை. தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்டது போல உள்ளே மங்கியிருந்தது. சான்றிதழில் அதற்கும் "ஸ்ட்ராங் ப்ளூ" என்றுதான் எழுதியிருந்தது! ஒளிரும் கற்களில் இப்படி மங்கித் தெரிபவை 0.2 சதவீதத்துக்கும் குறைவு என்று ஜி.ஐ.ஏ. சொல்கிறது. அத்தனை அரிதானது என் கைக்கே வந்தது. காகிதத்தில் படித்து மட்டும் வாங்கியிருந்தால் அதையே வாங்கியிருப்பேன்.

இரண்டாவது கல் தெளிவாக இருந்தாலும் பட்டைகளின் வெட்டு வேறு. அம்மாவின் கல்லோடு சேரவில்லை. மூன்றாவது சேர்ந்தது. நிழலில், மாலை வெளிச்சத்தில், விளக்கில் என்று மூன்று முறை பார்த்தேன். கடைசியாக டார்ச். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: நான் வாங்கியிருந்த மலிவு டார்ச் 395 நானோமீட்டர் அலைநீள வகை. அது தானே ஊதா வெளிச்சத்தைப் பரப்புவதால், ஒளிராத கல்லும் ஊதாவாக மினுங்கி ஏமாற்றுகிறது. 365 நானோமீட்டர் டார்ச்சில்தான் உண்மை தெரிந்தது.

திருப்பிக் கொடுத்த, ஒளிர்வே இல்லாத கல்லைவிட இது விலையும் குறைவாகவே முடிந்தது. பதித்து வாங்கியதும் அம்மா அங்கே கண்ணாடி பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து நேரே மாடிக்குப் போனார். நெடுநேரம் இப்படியும் அப்படியும் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். டார்ச்சில் பழைய கல் இன்னும் ஒரு சாயல் கூடுதலாக ஒளிர்கிறது என்று நான் சொன்னதற்கு, "டார்ச் வைத்துக்கொண்டு யார் என் காதைப் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.