அமுக்குவான் வந்தால் செய்ய வேண்டியது, வராமலிருக்கத் தூங்க வேண்டிய விதம்

விழிப்பு வந்துவிடும், கை கால் வராது. மின்விசிறி சுற்றுவது தெரியும், அடுக்களையில் பாத்திரம் உருளுவது கேட்கும், கூப்பிட நாக்கு எழும்பாது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி மூச்சு முட்டும். அமுக்குவான் அமுக்குகிறான் என்று ஊரில் சொல்வது இதைத்தான். மருத்துவர்கள் தூக்க முடக்கம் என்பார்கள். தனக்கு மட்டும்தான் இப்படி என்று பலர் வெளியே சொல்வதில்லை. 2011-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி பொதுமக்களில் 7.6 சதவீதம் பேருக்கும், மாணவர்களில் 28.3 சதவீதம் பேருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருக்கிறது.

கனவு வரும் ரெம் தூக்கத்தில் மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடும். கனவில் ஓடினால் கட்டிலில் கால் உதறாமலிருக்க இந்த ஏற்பாடு. கண் அசையும், மூச்சை இயக்கும் உதரவிதானமும் வேலை செய்யும். மூளை முந்தி விழித்து, அந்தத் தளர்ச்சி விலகப் பிந்தினால் முடக்கம். விலா இடைத் தசைகளும் தளர்ந்திருப்பதால், பயத்தில் ஆழமாக இழுத்தால் நெஞ்சு விரியாது. அந்தத் தடையைத்தான் பாரம் என்று உணர்கிறோம். கனவு இன்னும் கலையாததால் வாசலில் ஆள் நிற்பது போலவும் தோன்றும். சில விநாடியிலோ சில நிமிடத்திலோ தானாக விலகிவிடும். இதனால் மூச்சு நின்றுபோகாது.

வந்துவிட்டால் முதலில் விட வேண்டியது போராட்டம். மொத்த உடம்பையும் தூக்கி எழப் பார்த்தால் பயம்தான் கூடும். மூச்சை இழுக்காதீர்கள். அது பாட்டுக்குப் போய்வரட்டும், வெளியே விடும் மூச்சை மட்டும் கவனியுங்கள். உருவம் தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பிறகு கால் கட்டைவிரல் ஒன்றை மட்டும் அசைக்கப் பாருங்கள். அது வராவிட்டால் நாக்கு நுனி, அதுவும் வராவிட்டால் சுண்டுவிரல். பக்கத்தில் படுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: முனகலோ வேகமான மூச்சோ கேட்டால் தோளைத் தொட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். தொட்டவுடன் பெரும்பாலும் விட்டுவிடும்.

விட்டதும் அப்படியே திரும்பக் கண்ணை மூடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. ரெம் தூக்கம் அருகிலேயே இருக்கிறது, அடுத்த நிமிடமே மறுபடி பிடிக்கும். எழுந்து விளக்கைப் போட்டு, முகம் கழுவி, ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு ஒருக்களித்துப் படுங்கள். மல்லாந்து படுக்கும்போதுதான் இது அதிகம் வருகிறது. தூக்கத்தில் புரண்டுவிடுவேன் என்கிறவர்கள், பழைய சாரம் (லுங்கி) ஒன்றை உருட்டி முதுகுப்பக்கம் பனியனோடு சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம்.

இனி, ஏன் வருகிறது என்பது. தூக்கக் குறைவும் நேரம் தப்பிய தூக்கமும்தான் முக்கியக் காரணங்கள். குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இரவு இரண்டு, மூன்று மணிக்கே தலைவிளக்கோடு இறங்குகிறார்கள். ரெம் தூக்கம் அதிகம் சேருவது விடியலை ஒட்டிய நேரத்தில். அந்தப் பகுதியை அறுத்துவிட்டு, ஷீட் அடித்து முடித்துப் பத்து, பதினொரு மணிக்கு வந்து வெறுந்தரையில் மல்லாந்தால், விட்டுப்போன கனவுத் தூக்கம் சீக்கிரமே வந்து ஏறும். முடக்கத்துக்கு இதைவிடத் தோதான நேரம் இல்லை. இரவுப் பணி முடித்து வரும் செவிலியர்களுக்கும், வள்ளத்திலிருந்து விடியலில் கரையேறுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

வேலை நேரத்தை மாற்ற முடியாது, படுக்கும் நேரத்தை மாற்றலாம். இரண்டு மணிக்கு எழ வேண்டியவர் எட்டு மணிக்குள் படுத்தாக வேண்டும். தொலைக்காட்சித் தொடர் ஓடும் வீட்டில் இது லேசு இல்லை என்று தெரியும், ஆனால் இதைவிடப் பலன் தருவது வேறொன்றுமில்லை. பகல் தூக்கத்தைக் குளித்துச் சாப்பிட்டபின் ஒரு மணிக்குத் தள்ளி, அலாரம் வைத்து அரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். கட்டன் சாயாவைப் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். மது முன்னிரவில் ரெம் தூக்கத்தை அடக்கி, பின்னிரவில் கூடுதலாகத் திருப்பிவிடும். மன அழுத்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் அப்படித்தான், ஆகவே மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலத்தில் வெட்டு நிற்கும்போது தொல்லையும் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் காரணம் தூக்கம்தான்.

திருநீறோ ஜெபமோ மனதுக்குத் தைரியம் தந்தால் வேண்டாம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தலையணைக்கடியில் அரிவாள் வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், திடுக்கிட்டு எழும்போது கையை வெட்டும். பிள்ளைகளிடம் பேய் என்று சொல்லாதீர்கள். படுக்கவே பயந்து தூக்கத்தைக் குறைப்பார்கள், அதனாலேயே மறுபடி வரும்.

சிலருக்கு மருத்துவர் கட்டாயம் வேண்டும். குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறுபவர்கள், பகலில் அடக்க முடியாமல் தூங்கி விழுபவர்கள், சிரித்தால் முழங்கால் மடங்குபவர்கள் தள்ளிப்போடக் கூடாது. கடைசி இரண்டும் நார்கோலெப்சி என்ற தூக்க நோயின் அறிகுறிகள். அதற்கு ஓர் இரவு தூக்கப் பரிசோதனையும், மறுநாள் இரண்டு மணி நேர இடைவெளியில் குட்டித் தூக்கம் போடவிட்டுப் பார்க்கும் சோதனையும் உண்டு. விழித்தபின் தளர்ச்சி மணிக்கணக்கில் நீடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் அளவு பார்க்க வேண்டும். கை கால் ஒரு பக்கம் மட்டும் விழுந்தாலோ வாய் கோணினாலோ உடனே 108. அடிக்கடி வந்து பயத்தில் தூக்கமே போனால் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். போகும்போது இரண்டு வாரக் குறிப்பு கையிலிருக்கட்டும்: படுத்த நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், எந்தப் பக்கம் படுத்தது, சாயா, மாத்திரை, அமுக்கிய நேரம்.