மச்சானின் பங்கை வாங்கியபோது

திருப்பூரில் நானும் மச்சானும் (மனைவியின் அண்ணன்) ஆளுக்குப் பாதியாக நிட்டிங் யூனிட் நடத்திவந்தோம். அவருக்கு ஊரில் தோட்டத்தைப் பார்க்க வேண்டிய நிலை. அவர் பங்கை நானே வாங்கிக்கொள்வது என்று பேசி முடித்தோம். பார்ட்னர்ஷிப்பில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் அது கலைந்துவிடும். அதனால் அவர் விலகும் பத்திரத்திலேயே என் மனைவியைச் சேர்த்தோம். பான் எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் மாறவில்லை. ஆள் மாறியதை 15 நாளுக்குள் ஜிஎஸ்டி தளத்தில் பதிய வேண்டும், அது சுலபம்.

மெஷின் விலையிலும் தகராறு இல்லை. பழைய மெஷின் வாங்கி விற்பவர் ஒருவரை அழைத்துவந்தோம். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, துணியை வெளிச்சத்தில் பிடித்து நீடில் லைன் (ஊசிக் கோளாறால் துணியில் நீளவாக்கில் விழும் கோடு) விழுகிறதா என்று தடவிப் பார்த்து விலை சொன்னார். இருவரும் ஒத்துக்கொண்டோம்.

இழுத்தடித்தது வெளியே நின்ற பாக்கிதான். மொத்தமாகப் பார்த்தால் பெரிய தொகை. பார்ட்டி (வாடிக்கையாளர்) வாரியாகப் பிரித்தால், சிலர் வருடக்கணக்கில் ஒரு பைசா தரவில்லை. அதை முழுசாக மதிப்பிட்டுப் பாதியை நான் ரொக்கமாகக் கொடுப்பது நியாயமில்லை; வராக்கடன் என்று தள்ளினால் அவர் உழைப்பு போகிறது. கடைசியில் பழைய பாக்கியை விலையிலேயே சேர்க்கவில்லை. வரும்போது வருவதில் பாதி அவருக்கு என்று பத்திரத்தில் எழுதிவிட்டோம். எங்கள் உறவு முறியாமல் இருப்பதற்கு அந்த ஒரு வரிதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் வங்கி. சி.சி. லோனுக்கு (கேஷ் கிரெடிட், தொழில் நடத்த வங்கி தரும் சுழல் கடன்) மச்சான் ஜாமீன் போட்டு, தன் இடத்தையும் அடமானம் வைத்திருந்தார். நாங்கள் எழுதிக்கொள்ளும் விலகல் பத்திரம் வங்கியைக் கட்டுப்படுத்தாது; அவரை விடுவித்ததாக வங்கியே கடிதம் தர வேண்டும். "அந்த லெட்டரு வரட்டுங்க மாப்ள, அப்புறம் கையெழுத்துப் போட்டுக்கலாம்" என்றார். அவர் கேட்டது சரிதான். என் வீட்டுப் பத்திரத்தை மாற்றாக வைத்த பிறகே வங்கி அவரை விடுவித்துக் கடிதம் கொடுத்தது.

1932ஆம் ஆண்டு இந்தியப் பார்ட்னர்ஷிப் சட்டப்படி பொது அறிவிப்பும் கொடுக்க வேண்டும்: பதிவாளருக்குத் தகவல், அரசிதழ், அந்த மாவட்டத்தில் வரும் தமிழ் நாளிதழ். பலர் இதைச் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். அறிவிப்பு வரும்வரை, ஃபர்ம் வாங்கும் புதுக் கடனுக்கும் விலகியவரை வெளியாள் பிடிக்கலாம். தயவுசெய்து விடாதீர்கள்.

இப்போது பழைய பாக்கி எது வந்தாலும் அன்றே பாதியை அனுப்பி, லெட்ஜர் பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன். இரண்டு பார்ட்டிகள் இன்னும் தரவேண்டியிருக்கிறது.