கட்டணம் மட்டும் போதாதபோது

என் மகள் பரதநாட்டியத்தில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் ஆகிய உருப்படிகளை முடித்து, அடுத்த உருப்படியான வர்ணத்தைத் தொடங்கியிருந்த வேளையில் என் கணவருக்கு வேலை போனது. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அரை மணி நேரத்துக்கும் மேல் நீளக்கூடிய வர்ணத்தைத் தாங்கும் கால் வலிமை, விட்டு விட்டுப் பயின்றால் வராது என்று தெரிந்திருந்தும், அவளுக்கு உடல்நலம் சரியில்லை என்று பொய் சொல்லி வகுப்புக்கு அனுப்பாமல் நிறுத்தினேன். நான்காவது வாரம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

கட்டணம் வேண்டாம் என்று அவர் உடனே சொல்லிவிட்டார். ஆனால் போக்குவரத்து, பயிற்சிப் புடவை, பிள்ளை வளர வளரப் பத்தாமல் போகும் நாட்டிய உடை, நிகழ்ச்சி என்றால் ஒப்பனை, நகை, பாடகருக்கும் மிருதங்கக் கலைஞருக்கும் தர வேண்டிய சன்மானம் ஆகிய எல்லாம் அப்படியே நின்றன. "எனக்கு மேடையில் ஆட விருப்பமில்லை" என்று மகள் இரண்டு முறை சொன்னாள். இரவில் நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

அமெரிக்க பாலே நடனக் கலைஞர் மிஸ்டி கோப்லண்டைப் பற்றி ஆசிரியை சொன்னது அப்போதுதான். கோப்லண்ட் 13 வயதில் ஒரு சிறுவர் மன்றத்தின் இலவச வகுப்பில் பாலே கற்கத் தொடங்கி, 2015-இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மை நடனக் கலைஞரானார். ஆனால் அந்த இலவச வகுப்போடு உதவி நின்றுவிடவில்லை, பயிற்சி தடைபடாமல் இருக்க ஓர் ஆசிரியை அவரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். இதைச் சொல்லிவிட்டு, ஓராண்டுக்கு ஆகும் செலவுகள் அனைத்தையும் மாதவாரியாக ஒரே தாளில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்.

அந்தத் தாளைப் பெயர் சொல்லாமல் பெற்றோர் கூட்டத்தில் வாசித்தார். பொதுவாக உதவி என்று கேட்டிருந்தால் எல்லோரும் வருத்தப்பட்டிருப்பார்கள். செலவு தனித்தனியாகத் தெரிந்ததால், தம்மால் எதை ஏற்க முடியும் என்று யோசித்தார்கள். ஒரு குடும்பம் தங்கள் வண்டியில் ஓர் இடம் தந்தது. மூத்த மாணவிகள் தங்களுக்குச் சிறிதாகிவிட்ட உடைகளைக் கொண்டுவந்தார்கள். தையல் தெரிந்த ஒரு தாய், உள்தையலில் மடித்து விட்டிருந்த துணியைப் பிரித்து அளவு மாற்றித் தைத்தார். அவை வகுப்பின் பொது அலமாரிக்குப் போயின. நிகழ்ச்சி வந்தால் எல்லாப் பிள்ளைகளும் அதிலிருந்தே உடை எடுக்க வேண்டும் என்று ஆசிரியை விதி வைத்ததால், யார் இல்லாமையால் எடுக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. எனக்குக் கிடைத்த உதவிகளிலேயே இதைத்தான் மிகப் பெரியதாக நினைக்கிறேன்.

உதவித்தொகைக்கு விண்ணப்பித்தது தனி அனுபவம். வருமானச் சான்றும் ஆசிரியையின் கடிதமும் சரியாக இருந்தும் முதல் முறை கிடைக்கவில்லை. நாங்கள் அனுப்பிய காணொளியில் முகபாவம் தெரிய வேண்டுமென்று நெருங்கி எடுத்திருந்தோம். பாதங்கள் பாதி நேரம் சட்டகத்துக்கு வெளியே இருந்தன. முழங்கால்களை மடித்து நிற்கும் அரைமண்டியும் பாதம் தட்டும் விதமும் தெரியாமல் ஒரு மாணவியை எப்படி மதிப்பிடுவார்கள்? அடுத்த முறை கேமராவை அசையாமல் நிறுத்தி, தலை முதல் கால் வரை தெரியும்படி, வெட்டி ஒட்டாமல் ஒரே வீச்சில் எடுத்து அனுப்பினோம். ஓராண்டுக்கு உதவித்தொகை கிடைத்தது.

இடையில் ஒருவர் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை தர முன்வந்தார். மேடையில் மகளை நிறுத்தி, காசோலையுடன் படம் எடுக்க வேண்டும் என்றார். நானும் ஆசிரியையும் மறுத்துவிட்டோம். அந்த மாதம் மிகக் கடினமாக இருந்தது. ஆனாலும் அந்த முடிவில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

கணவருக்கு மீண்டும் வேலை கிடைத்ததும் நிலுவைக் கட்டணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியை அதைத் தாம் வாங்கிக்கொள்ளாமல், பெற்றோர்கள் சேர்த்துவந்த நிதியில் போடச் சொல்லி, அதன் கணக்கையும் என்னிடமே ஒப்படைத்தார். இப்போது அதிலிருந்து மூன்று பிள்ளைகள் பயில்கிறார்கள். அவர்களின் பெயர்கள் ஆசிரியைக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.