நிகழ்ச்சி முடிந்து டவுணை விட்டு வெளிக்கிடுகிறவர்களுக்கு

என் தொழில் சவுண்ட்ஸ். யாழ்ப்பாணம் முற்றவெளி மைதானத்தில் இசை நிகழ்ச்சி என்றாலும், டவுண் ஹோட்டலில் கலியாண வரவேற்பு என்றாலும், கடைசி ஆள் போன பிறகுதான் எங்களுக்கு அரைவாசி வேலை தொடங்கும். பொக்ஸ் இறக்கி, வயர் சுற்றி, பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றிக் கட்ட நடுச்சாமம் தாண்டிவிடும். அதற்குப் பிறகு நெல்லியடிக்கு ஓட வேண்டும். அதனால் சனம் எப்படி வெளிக்கிடுகிறது என்பதை மேடைப் பக்கமிருந்தும் பார்க்கிறேன், பிறகு றோட்டிலும் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இரவு வாழ்க்கை என்றால் கொழும்புக்காரர் சிரிப்பார்கள். ஆனால் இப்போது இருக்கிறது. ஆஸ்பத்திரி வீதியில் கடைகள், மாடியில் பார் வைத்த ஹோட்டல்கள், நல்லூரடியில் ஐஸ்கிரீம், பத்து மணிக்கும் தட்டுகிற கொத்துச் சத்தம், பண்ணையில் காற்று வாங்க வருகிற குடும்பங்கள். ஒரு காலத்தில் பொழுதுபட்டால் படலையைச் சாத்திவிட்டு உள்ளே இருந்த ஊர் இது. ஊரடங்கு, சோதனைச் சாவடி, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடிய ஏ9 கண்டி வீதி என்று எங்கள் இளவயது போய்விட்டது. என் வயதுக்காரர் நிறையப் பேருக்கு லைசன்ஸ் இருக்கிறது, பகலில் நன்றாக ஓடுவார்கள், இரவில் ஓடிப் பழகவே இல்லை. பிள்ளைகள் பழகுவதற்கு வீட்டில் ஒரு ஆள் இருந்து சொல்லிக் கொடுக்கவும் இல்லை. விபத்துக்குப் பொடியளின் வேகம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இதுவும் ஒரு காரணமாகப் படுகிறது.

டவுணுக்குள் பெரிதாக ஒன்றும் நடக்காது. நெரிசலில் 20க்கு மேல் ஓட முடியாது, கண்ணாடி உரசும், ஹோர்ன் அடிப்பார்கள், அவ்வளவுதான். ஆபத்து லைட் கம்பங்கள் முடிகிற இடத்தில் தொடங்குகிறது. நெரிசலில் அரை மணித்தியாலம் சூடேறி நின்றவன், றோட்டு வெறுமையானதும் ஒரேயடியாக முறுக்குவான். அந்த இடத்தில்தான் வெளிச்சமும் நின்றுபோகும். நான் கண்ட விபத்துகளில் அனேகமானவை இந்த இரண்டும் சந்திக்கிற துண்டில்தான் நடந்தன.

முதலில் வெளியே வருகிற வழி. முற்றவெளியில் கூட்டம் கலையும்போது எல்லோரும் பஸ் நிலையப் பக்கம் திரும்பி ஆஸ்பத்திரி வீதிக்குள் போய் அடைவார்கள். அது போதனா வைத்தியசாலையின் வாசல். அம்புலன்ஸ் அதே றோட்டால்தான் வர வேண்டும். நெல்லியடி, பருத்தித்துறை என்று வடமராட்சிப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த றோட்டு தேவையே இல்லை. பிரதான வீதியால் கிழக்கே போய், சுண்டுக்குளியில் கண்டி வீதியைப் பிடித்து, கச்சேரி நல்லூர் வீதியால் ஏறினால் முத்திரைச் சந்திக்குக் கிட்ட வந்துவிடலாம். தூரம் கொஞ்சம் கூட. ஆனால் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும், கோபம் வராது. வரும்போதே வாகனத்தைத் திருப்பி, முகம் வெளியே பார்க்க விட்டுவிடுங்கள். கும்மிருட்டில், பின்னால் பிள்ளைகள் ஓடித் திரிகிற இடத்தில் ரிவேர்ஸ் எடுக்கிற தலையிடி இல்லை. கடைசி இரண்டு பாட்டைக் கேட்காமல் போனால் இன்னும் நல்லம் என்பார்கள். சவுண்ட்ஸ்காரனாக அதை நான் சொல்ல மாட்டேன். முடிந்த பிறகு இருபது நிமிசம் இருந்து கச்சான் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அதே பலன்.

அடுத்தது தண்ணி. இதில் எங்கள் ஆட்களின் கணக்கே பிழை. போன வருசம் ஒரு வரவேற்பு முடிந்து வாசலில் ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் ஏறி, திறப்பைப் போட இடம் தேடிக்கொண்டு நின்றான்.

“தம்பி, எங்கை போறாய்?”

“வீட்டை அண்ணை. பருத்தித்துறை. ரெண்டு பியர்தான் குடிச்சனான், ஒரு பிரச்சினையும் இல்லை.”

“உனக்குப் பிரச்சினை இல்லையடா. வல்லை வெளியிலை படுத்திருக்கிற மாட்டுக்குத்தான்.”

சிரித்தான். சிரித்தபடியே திறப்பையும் தந்தான். பட்டாவில் முன்னுக்கு ஏறி வந்து, மந்திகை வரைக்கும் நல்ல நித்திரை. சைக்கிளை ஹோட்டல் காவலாளி உள்ளே எடுத்து வைத்தார்.

அந்த “ரெண்டு பியர்” என்ன என்று பார்ப்போம். இங்கே பெரும்பாலும் குடிப்பது ஸ்ட்ரோங். 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல், மதுசாரம் 8 வீதத்துக்கு மேல். ஒரு போத்தலை உடம்பு கரைத்து முடிக்கக் குறைந்தது நாலு மணித்தியாலம் வேண்டும். இரண்டு என்றால் விடியும். பிளேன்ரீ, எலுமிச்சம்பழம், முகம் கழுவுவது ஒன்றும் அந்த நேரத்தைக் குறைக்காது. நித்திரை வெறியோடு இருந்தவன் முழிப்பு வெறியோடு இருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம். சட்டத்தின் எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். ஆனால் அதற்குள்ளேயே கண்ணும் கையும் பிந்தத் தொடங்கிவிடும். பொலிஸ் ஊதச் சொல்கிற சந்தி எது என்று விசாரித்து ஒழுங்கைகளால் சுற்றிப் போகிறவர்களைத் தெரியும். ஒழுங்கையில் லைட் இன்னும் குறைவு, மதில் மூலை கூட, நாய் கூட. பொலிசுக்குத் தப்புவதற்காக அதிலும் மோசமான றோட்டைத் தேடிப் பிடிக்கிறார்கள். போனில் பிக்மீ செயலியால் ஓட்டோ பிடிக்கலாம், தெரிந்த ஓட்டோ அண்ணையின் இலக்கத்தைப் போனில் வைத்திருக்கலாம். பஸ் அந்த நேரத்துக்கு இல்லை, அதை நம்பி இருக்க வேண்டாம்.

சரி, குடிக்காதவர்களின் கதைக்கு வருவோம். என் பயமெல்லாம் குடும்பமாக மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களைப் பற்றித்தான். அப்பா, அம்மா, நடுவில் ஒரு பிள்ளை, முன்னுக்குப் பெற்றோல் டாங்கியில் சின்னது. வரும்போது சின்னது ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு உசாராக இருக்கும். போகும்போது பதினொரு மணி. கல்வியங்காடு தாண்டுவதற்குள் நித்திரையாகிவிடும். தலை ஒரு பக்கம் சரியும், அப்பா ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஓடுவார். அந்த மறு கைதான் பிறேக்குக்கும். பட்டாவின் லைட்டில் அந்தச் சின்னத் தலை ஆடுவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வருவது பெரிய சோதனை. முந்தவும் மனம் வராது, பின்னால் நின்று வெளிச்சம் காட்டிக்கொண்டே போவேன். பிள்ளையோடு வருகிறவர்கள் போகும்போதாவது ஒரு ஓட்டோ பிடியுங்கள். முடியாவிட்டால் நித்திரை வரமுதல் வெளிக்கிடுங்கள். ஹெல்மெட் அப்பாவுக்கு மட்டும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.

இனி பருத்தித்துறை வீதி. கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் என்று ஊர்கள் விட்டு விட்டு வரும். நல்ல கார்ப்பெற் றோட்டு. அதுதான் கரைச்சல், 60, 70 என்று தன்பாட்டில் ஏறும். லைட்டை டிம்மில் வைத்தால் தெளிவாகத் தெரிவது சுமார் 40 மீற்றர். 60இல் ஓடினால் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர் போகிறோம். கண் கண்டு, மூளை விளங்கி, கால் பிறேக்கில் போக ஒன்றரைச் செக்கன், அதிலேயே 25 மீற்றர் முடிந்தது. பிறேக் பிடித்து நிற்க இன்னும் 20 வேண்டும். கூட்டிப் பாருங்கள். லைட் காட்டுகிற தூரத்தை விட நாங்கள் நிற்கிற தூரம் கூட. நான் டிம்மில் போகும்போது 45க்கு மேல் விடுவதில்லை. பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்தால் இடப்பக்கம் ஒதுங்கி விட்டுவிடுவேன். அவருடன் சண்டை பிடிக்கக் கூடாது, அதுவும் இரவில் கூடவே கூடாது. வாள்வெட்டுக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிரதேசம் இது.

அந்த 40 மீற்றருக்குள் என்ன வரும் என்றால், கட்டாக்காலி மாடு. பகல் சூடு தாரில் இருக்கும், மாடு வந்து அதில் படுத்துவிடும். முகம் எங்கள் பக்கம் இருந்தால் கண் மின்னும், தெரியும். முதுகு எங்கள் பக்கம் என்றால், கறுப்பு மாடு என்றால், றோட்டில் ஒரு பள்ளம் மாதிரித்தான் தெரியும். ஒன்றைக் கண்டால் பக்கத்தில் இன்னும் இருக்கும். ஹோர்ன் அடித்து எழுப்பாதீர்கள், எந்தப் பக்கம் எழும்பும் என்று அதற்கே தெரியாது. நிற்பாட்டி, மெதுவாகப் பின்பக்கத்தால் போங்கள். மாட்டுக்கு அடுத்தது லைட் இல்லாத சைக்கிள். தவறணையிலிருந்து வருகிற ஐயாமார் வெள்ளைச் சாரம் கட்டியிருந்தால் எங்கள் அதிர்ஷ்டம். அறுவடைக் காலத்தில் காயவிட்ட நெல்லை றோட்டோரம் குவித்துப் படங்கால் மூடி, கல் வைத்திருப்பார்கள். நெல்லில் ரயர் ஏறினால் வழுக்கும், கல்லில் ஏறினால் சொல்லத் தேவையில்லை.

ஆவரங்கால் முடிய வல்லை வெளி. இரண்டு பக்கமும் வெட்டை, வீடு வாசல் இல்லை, நடுவில் பாலம், காற்று ஒரு பக்கத்தால் தள்ளும். மோட்டார் சைக்கிள்காரர் இதை உணர்வார்கள். எதிரே வருகிறவர் பிரைட்டில் வந்தால் மறைக்க மரம், மதில் ஒன்றும் இல்லை, தூரத்திலிருந்தே கண்ணைக் குத்தும். நாங்களும் பிரைட் போட்டுப் பழிவாங்கினால் இரண்டு குருடர் ஒரே பாலத்தில். ஒரு தரம் டிம் அடித்துக் காட்டிவிட்டு, றோட்டின் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட வேண்டும். அவர் கடந்து போன பிறகும் சில செக்கன் கண் தெளியாது, அந்த நேரம் அக்சிலேற்றரில் கால் வைக்கக் கூடாது.

மற்றத் திசைக்காரருக்கும் இரண்டு வார்த்தை. தீவுப் பக்கம் போகிறவர்கள் பண்ணைப் பாலம் நேர் றோட்டு என்று முறுக்குவார்கள். ஓரத்தில் மீன் பிடிக்கிறவர்கள் நிற்பார்கள், லைட் போடாமல் நிற்பாட்டிய சைக்கிளும் நிற்கும். தென்மராட்சிக்காரருக்கு ஏ9இல் டிப்பர் லொறிகள்தான் ஆபத்து. அதோடு அரியாலைப் பக்கம் ஒழுங்கைகளால் போனால் படலை இல்லாத ரயில் கடவைகள் இருக்கின்றன. 2014 ஒக்டோபரில் ரயில் திரும்ப வருவதற்கு முதல் பழகிய கால்கள் அங்கே இன்னும் நிற்பதில்லை. பாட்டை நிற்பாட்டி, கண்ணாடியை இறக்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போங்கள்.

யாராவது விழுந்து கிடந்தால் சனம் முதலில் செய்வது தூக்கி ஓட்டோவில் போடுவது. கழுத்து, முதுகு அடிபட்டவரை அப்படி மடித்துத் தூக்கினால் கெடுதல்தான் கூடும். அம்புலன்ஸுக்கு 1990 அடியுங்கள், காசில்லை. உங்கள் வாகனத்தை விழுந்தவருக்குப் பின்னுக்கு விட்டு ஹசார்ட் லைட் போடுங்கள். அடுத்து வருகிறவனுக்கு நீங்கள் அங்கே நிற்பதே தெரியாது.

ஏற்பாட்டாளர்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அனுசரணையாளர் பெயர்களை வாசிக்க ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் எவ்வளவு நேரம் போகிறது என்று மைக் பிடித்தவனுக்குத் தெரியும். கடைசிப் பாட்டுக்கு முதல் இரண்டு நிமிசம் தாருங்கள். வடமராட்சிக்காரர் பிரதான வீதியால் போங்கள், ஆஸ்பத்திரி வீதியை விடுங்கள், குடித்தவர் திறப்பை வாசலில் கொடுங்கள், ஓட்டோ இன்ன இடத்தில் நிற்கிறது என்று அறிவிப்பாளர் சொல்லட்டும். காசு வாங்க மாட்டேன். எக்கோவும் போட மாட்டேன், சொல்வது விளங்க வேண்டும்.