யூடெக்டிக்கை இரும்பில் தொடங்காதீர்கள்

மெட்டலர்ஜி பேப்பருக்குப் படிக்கும் மெக்கானிக்கல் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் சந்தேகம் யூடெக்டிக் (ஒரு கலவை மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகும் விகிதம்) பற்றியதுதான். எல்லாரும் நேராக இரும்பு-கார்பன் ஃபேஸ் டயக்ராமுக்குள், அதாவது எந்தக் கலவை எந்த வெப்பநிலையில் என்ன நிலையில் இருக்கும் என்று காட்டும் படத்துக்குள், இறங்கிவிடுகிறார்கள். அங்கே பெரிடெக்டிக், யூடெக்டிக், யூடெக்டாய்டு என்ற மூன்று மாற்றங்களும் ஒரே தாளில் நெருக்கிக்கொண்டு நிற்கும். மிரண்டுபோய் மனப்பாடம் செய்யத்தான் தோன்றும். எனக்கு விஷயம் பிடிபட்டது ஈயம்-வெள்ளீயம் படத்தில். தேர்வுக்கு எவ்வளவு நாள் குறைவாக இருந்தாலும் அதை முதலில் போட்டுப் பாருங்கள் என்றுதான் இன்றும் சொல்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் சால்டரிங் கம்பிச் சுருள் வாங்கினால் லேபிளில் 60/40 அல்லது 63/37 என்று போட்டிருக்கும். முதல் எண் வெள்ளீயம், அடுத்தது ஈயம். தனி ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், தனி வெள்ளீயம் 232-ல். 63-க்கு 37 கலந்தால் 183-லேயே உருகிவிடும், இதுதான் யூடெக்டிக். 60/40 கம்பியும் 183-ல் இளகத் தொடங்கும், ஆனால் முழுக்கத் திரவமாக 190 வாக்கில் ஆகும். இடையில் கூழ் நிலை. ஆறும்போது அந்தச் சில டிகிரிக்குள் பாகத்தின் கால் அசைந்தால் பற்று மங்கலாக, சொரசொரப்பாக நின்றுவிடும். 63/37-க்கு அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை, சட்டென்று உறையும். அதற்காக யூடெக்டிக் கலவைதான் உசத்தி என்று எழுதிவிடாதீர்கள். பழைய ஈயக் குழாய்களை இணைத்த பிளம்பர்கள் ஈயம் அதிகமுள்ள கலவையைத்தான் விரும்பினார்கள். கூழாக இருக்கும்போது துணியால் வழித்து வடிவம் கொடுக்க அவர்களுக்கு நேரம் வேண்டியிருந்தது.

இனி ‘யூடெக்டிக் என்றால் என்ன?’ என்ற இரண்டு மார்க் கேள்வி. “மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகும் உலோகக்கலவை” என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். 1884-ல் ஃபிரெடரிக் கத்ரி இந்தப் பெயரை வைத்தபோது ‘எளிதில் உருகுவது’ என்ற கிரேக்கப் பொருளில்தான் வைத்தார். ஆனால் பரீட்சைக்கு அது பாதி விடை. மீதிப் பாதி: ஒரே திரவம், ஒரு குறிப்பிட்ட கலவை விகிதத்தில், மாறாத வெப்பநிலையில், ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு திண்மங்களாக உறைகிறது. ஏன் மாறாத வெப்பநிலை? கூறுகள் இரண்டு, நிலைகள் மூன்று, அழுத்தம் நிலையானது; ஃபேஸ் ரூல்படி (கூறுகள் − நிலைகள் + 1) 2 − 3 + 1 = 0. நகர இடமே இல்லை. கூலிங் கர்வில் (ஆற ஆற வெப்பநிலை எப்படி இறங்குகிறது என்று காட்டும் கோட்டில்) தெரியும் படுக்கைக் கோடு அதுதான். தூய உலோகம் போலவே கூர்மையான உருகுநிலை இருப்பதால் இது ஒரு சேர்மம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஈயம் மிகுந்த ஆல்பாவும் வெள்ளீயம் மிகுந்த பீட்டாவும் மாறி மாறி அடுக்கடுக்காக இருக்கும். கலவைதான். (உலோகம்தான் என்று இல்லை. ஐஸில் உப்பைக் கொட்டிக் குல்ஃபி உறைய வைக்க முடிவதும் இதனால்தான். தண்ணீர்-உப்பு யூடெக்டிக் மைனஸ் 21 டிகிரியில் இருக்கிறது.)

கணக்கில் மார்க் போகும் இடம் லிவர் ரூல், அதாவது ஒவ்வொரு நிலையும் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் நெம்புகோல் விதி. 40 சதவீத வெள்ளீயம் உள்ள கலவையை 183-க்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தால் ஆல்பா எவ்வளவு? கேள்வியில் ‘பிரைமரி ஆல்பா’ என்று இருக்கிறதா, ‘மொத்த ஆல்பா’ என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பிரைமரி (யூடெக்டிக்குக்கு முன்பே உறைந்தது) என்றால் நெம்புகோலின் ஒரு முனை ஆல்பாவின் எல்லையான 18.3, மறுமுனை யூடெக்டிக் புள்ளியான 61.9 (கம்பி லேபிளின் 63 இதற்குப் பக்கத்து எண்தான்): (61.9 − 40) / (61.9 − 18.3), அதாவது சுமார் 0.50. மொத்தம் என்றால் மறுமுனை பீட்டாவின் எல்லையான 97.8 வரை போகும்: (97.8 − 40) / (97.8 − 18.3), சுமார் 0.73. அதே கலவை, அதே வெப்பநிலை, இரண்டு விடை. இதைக் கையால் ஒருமுறை போட்டுவிட்டால் இரும்புக் கணக்கு புதிதாகத் தெரியாது. 0.4 சதவீதக் கார்பன் எஃகில் புரோயூடெக்டாய்டு ஃபெரைட் (யூடெக்டாய்டுக்கு முன்பே பிரிந்த, கார்பன் மிகக் குறைந்த இரும்பு) சுமார் 0.49, மொத்த ஃபெரைட் 0.94. வழி அதேதான்.

இப்போது இரும்பு-கார்பன். யூடெக்டிக் 1147 டிகிரி, 4.3 சதவீதக் கார்பன், உடைவது திரவம். யூடெக்டாய்டு 727 டிகிரி, சுமார் 0.77 சதவீதம், உடைவது ஆஸ்டினைட் என்ற திண்மம், கிடைப்பது பெர்லைட் என்ற அடுக்குக் கலவை. எஃகைப் பற்றி எழுதும்போது ‘ஹைப்போயூடெக்டிக் ஸ்டீல்’ என்று கை போனால் நிறுத்துங்கள். ஹைப்போ என்றால் அந்தப் புள்ளியைவிடக் கார்பன் குறைவு; எஃகுக்கு ஹைப்போயூடெக்டாய்டு, வார்ப்பிரும்புக்குத்தான் ஹைப்போயூடெக்டிக். யூடெக்டாய்டு எண்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். 0.76, 0.8, 0.83 எல்லாமே அச்சில் உண்டு. பழைய புத்தகத்தில் 723 டிகிரியும் பார்க்கலாம். கேட் (GATE) தேர்வில் கேள்வியே மதிப்பைக் கொடுத்திருந்தால் உங்கள் ஞாபகத்தை ஓரமாக வைத்துவிட்டு அதையே போடுங்கள். எண்ணாக விடை எழுதும் கேள்விக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, காலியாக விடாதீர்கள்.

வைவாவிலும் கோயம்புத்தூர் பக்கம் ஃபவுண்டரி வேலைக்கான இன்டர்வியூவிலும் கேள்வி வேறு மாதிரி வரும். “எங்கள் பம்ப் கேசிங்கில் கார்பன் 3.4தான். 4.3-க்கு இவ்வளவு தள்ளி இருந்தும் ஏன் நன்றாக ஓடி அச்சை நிரப்புகிறது?” படத்தை மட்டும் படித்தவர்கள் இங்கே விழிப்பார்கள். சிலிக்கானும் பாஸ்பரஸும் யூடெக்டிக் புள்ளியை இடப்பக்கம் நகர்த்துகின்றன. அதனால் ஃபவுண்டரியில் கார்பனைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள், கார்பன் ஈக்விவலன்ட் பார்ப்பார்கள்: கார்பனோடு, சிலிக்கான் பாஸ்பரஸ் கூட்டுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு. சிலிக்கான் 2.1, பாஸ்பரஸ் 0.1 என்றால் 3.4 + 0.73 = 4.13. யூடெக்டிக்குக்கு மிகப் பக்கம். தூய இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், இதற்கு அதைவிட முந்நூறு டிகிரிக்கும் மேல் குறைவு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: படத்தில் போட்டிருக்கும் லெடிபுரைட் (யூடெக்டிக் திரவம் உறைந்து கிடைக்கும் கலவை) வெள்ளை வார்ப்பிரும்பில் வருவது. சாம்பல் வார்ப்பிரும்பில் சிலிக்கான் இருப்பதால் திரவம் ஆஸ்டினைட்டாகவும் கிராஃபைட்டாகவும் பிரியும். அடுத்த கேள்வி பெரும்பாலும் அந்தக் கிராஃபைட் செதில்களைப் பற்றித்தான் இருக்கும்.